நண்டுச் சம்மாட்டியும் ஆள் இல்லாத வலையும்

நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டேதான் இதைச் சொல்கிறேன். கூடை நிறைய இருக்கிறது. யாரும் நடுவில் எழுந்து ஓடாமல் கேளுங்கள்.

கரையிலிருந்து பார்த்தால் தெரியாத தூரத்தில், கடலுக்கு அடியில் ஒரு புல்வெளி இருந்தது. அங்கே ஓர் ஆவுளியாவும் அதன் குட்டியும் மேய்ந்துகொண்டிருந்தன. பள்ளிக்கூடப் புத்தகத்தில் கடல் பசு என்று போட்டிருக்குமே, அதுதான் ஆவுளியா. பார்த்தால் மீன் மாதிரி வால் இருக்கும். ஆனால் மீன் இல்லை. குட்டிக்குப் பால் கொடுக்கும். தண்ணீருக்குள் மூச்சுவிட அதற்குத் தெரியாது. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் மேலே வந்து, மூக்கை நீட்டி மூச்சு வாங்கிக்கொண்டுதான் மறுபடி கீழே போகும்.

அம்மா ஆவுளியாவின் முதுகில் ஒரு பெரிய தழும்பு. ஒரு தரம் படகு இஞ்சினின் விசிறி வெட்டியது. அன்றிலிருந்து அது ஒரு வழக்கம் வைத்திருந்தது. எந்த இடத்தில் மேயப் போனாலும் முதலில் காது கொடுத்துக் கேட்கும், இஞ்சின் சத்தம் வருகிறதா என்று. அப்புறம் மேலே பார்க்கும், படகு நிழல் விழுகிறதா என்று. கடைசியாக வலை மிதப்பும் கொடியும் எங்காவது ஆடுகிறதா என்று சுற்றிப் பார்க்கும். மூன்றும் இல்லையென்றால்தான், "வாடா குட்டி" என்று கூப்பிடும்.

இப்படியே குட்டி எட்டு மாதம் வளர்ந்தது.

ஒருநாள் புல்வெளியின் தெற்கு மூலைக்கு ஒரு படகு வந்தது. இரண்டு பேர் வலை இழுத்தார்கள். வலை அடியில் கல்லில் மாட்டிக்கொண்டது.

"வரமாட்டேங்குது மச்சான்!"

"நல்லா இழு."

"கை அறுந்துரும் போல. பேத்தை மீன் வேற கடிச்சு வச்சிருக்கு பாரு, ஒரே பொத்தல்!"

"ஒரு முங்கு முங்கினா எடுத்துரலாம்."

"அப்ப நீ முங்கு."

"நானா? எனக்கு நேத்துலேருந்து சளி!"

இருவரும் சிரித்தார்கள். மிதப்பையும் நல்ல கயிற்றையும் அறுத்து எடுத்துக்கொண்டார்கள். மீதி வலையைக் கல்லோடு விட்டுவிட்டார்கள்.

"கிழிஞ்ச வலைதான! கெடந்துட்டுப் போகுது!"

படகு போய்விட்டது. வலை அங்கேயே நின்றது. தண்ணீர் அசைந்தால் அதுவும் அசைந்தது. கண்ணுக்கே தெரியாத மெல்லிய நரம்பு வலை.

மறுநாள் அந்தப் பக்கம் ஒரு நீலக்கால் நண்டு வந்தது. பார்த்தால், ஓர் ஓரா மீன் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது!

"என்ன அண்ணே, நடுத் தண்ணியில தூங்குற?" என்று நண்டு கேட்டது.

ஓரா பதில் சொல்லவில்லை. நண்டு கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தது. செத்துப் போயிருந்தது.

நண்டு இப்படியும் அப்படியும் பார்த்தது. யாரும் இல்லை. வயிறு நிறையத் தின்றது.

அதற்கு அடுத்த நாள் மூன்று மீன் தொங்கின. அடுத்த நாள் ஏழு. நண்டு இரை தேடிப் போவதையே விட்டுவிட்டது. உடம்பு பெருத்தது. நடையே மாறிவிட்டது.

சின்ன நண்டுகள் இரண்டு அந்த வாசனைக்கு வந்தன.

"நில்லுங்கடா! யாரைக் கேட்டு வந்தீக?"

"ஏன், வலை யாருது?"

நண்டு ஒரு நொடி யோசித்தது. பிறகு இரண்டு கொடுக்கையும் தூக்கிக் காட்டியது. "என்னுது! நான்தான் இந்த வலைக்குச் சம்மாட்டி!"

படகுக்கும் வலைக்கும் சொந்தக்காரரை எங்கள் பக்கம் சம்மாட்டி என்போம். சின்ன நண்டுகள் பயந்துபோய், "சம்மாட்டி, சம்மாட்டி" என்று கும்பிட்டன. நண்டு ஆளுக்கு ஒரு செதில் கொடுத்து அனுப்பியது. அன்றிலிருந்து அந்தப் புல்வெளியில் எல்லோரும் அதை நண்டுச் சம்மாட்டி என்றே கூப்பிட்டார்கள். அதுவும் அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கும்.

பத்துப் பன்னிரண்டு நாள் போனது. மற்ற பக்கமெல்லாம் புல் தீர்ந்துவிட்டது. தெற்கு மூலையில் மட்டும் யாரும் மேயாமல் புல் தளதளவென்று நின்றது. அம்மா ஆவுளியா குட்டியைக் கூட்டிக்கொண்டு அங்கே வந்தது.

வழக்கப்படி காது கொடுத்துக் கேட்டது. சத்தம் இல்லை. மேலே பார்த்தது. நிழல் இல்லை. சுற்றிப் பார்த்தது. மிதப்பும் இல்லை, கொடியும் இல்லை.

"வாடா குட்டி."

"அக்கா! போகாதீக!" என்று ஒரு குரல் கேட்டது.

பேத்தை மீன்தான். குட்டையாய், உருண்டையாய், முயல் மாதிரி பல்லை நீட்டிக்கொண்டு இருக்கும். பயந்தால் பந்து மாதிரி ஊதிவிடும். ஊதினால் அப்படியே மேலே மிதந்து போய்விடும். பாவம், பேத்தையை யாரும் மதிப்பதில்லை.

"என்ன தங்கச்சி?"

"அங்க வலை இருக்கு அக்கா. நான் கடிச்ச வலைதான், எனக்குத் தெரியும். இன்னும் புடிக்குது!"

அதற்குள் நண்டு வந்துவிட்டது. ஆவுளியா பயந்து போய் ஊரெல்லாம் சொல்லிவிட்டால் அந்தப் பக்கம் ஒரு மீன் வராதே! அதுதான் அதன் கவலை.

"யாரு பேசுறது? அடுத்தவன் வலையைக் கடிக்கிற பொழப்பு! நீயெல்லாம் புத்தி சொல்ற ஆளா?" என்று நண்டு பேத்தையை விரட்டியது.

பேத்தை பயந்து ஊதிவிட்டது. உருண்டு உருண்டு மேலே போனது. குட்டி ஆவுளியா அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தது.

"தம்பி, வலை இருக்குங்குறாளே?" என்று அம்மா கேட்டது.

"இருக்கு அக்கா. நான் இல்லைன்னு சொல்லலையே. ஆனா அது செத்த வலை. ஆள் கிடையாது, படகு கிடையாது. மனுசன் இல்லாத வலை என்ன செய்யும்? உங்க கண்ணால மிதப்பு ஏதும் பாத்தீகளா?"

"இல்ல."

"அப்புறம் என்ன! இந்த வலைக்கு நான்தான் சம்மாட்டி. நான் சொல்றேன், அது உங்களை ஒண்ணும் செய்யாது. என் பேரைச் சொல்லி மேயுங்க!"

அம்மா ஆவுளியா யோசித்தது. தன் வழக்கம் இதுவரை ஒரு நாளும் பொய்த்ததில்லை. வலைக்குச் சொந்தக்காரனே பயமில்லை என்கிறான். குட்டிக்கோ நல்ல பசி.

"சரி தம்பி, உன்னை நம்பித்தான் போறோம்" என்றது.

குட்டி முன்னால் ஓடியது. முதல் வாய் புல்லைக் கவ்வியது. "அம்மா, இங்க புல்லு இனிக்குது!" என்று கத்தியது.

அடுத்த நொடி வாலைத் திருப்பியது. வால் திரும்பவில்லை.

"அம்மா, என்னை யாரோ புடிச்சிருக்காக!"

அம்மா திரும்பிப் பார்த்தது. யாருமே இல்லை! குட்டிக்குப் பின்னால் வெறும் தண்ணீர்தான் தெரிந்தது.

"யாரும் இல்லடா, வா!"

"இல்லம்மா, புடிச்சிருக்காக! இழுக்குறாக!"

குட்டி உதறியது. உதற உதற இறுகியது. வாலில் சுற்றியது கைத் துடுப்பில் சுற்றியது. கைத் துடுப்பில் சுற்றியது கழுத்தில் விழுந்தது. அப்போதுதான் அம்மா பார்த்தது, குட்டியின் தோலில் சின்னச் சின்னக் கட்டம் கட்டமாய் வரி விழுந்திருப்பதை. வலைக் கண்ணி!

குட்டி மேலே போய் மூச்சு வாங்கி ஏற்கெனவே நேரமாகியிருந்தது. பெரிய ஆவுளியா கொஞ்ச நேரம் தாங்கும். குட்டிக்கு உலை கொதிக்கிற நேரம்கூடத் தாங்காது.

அம்மா கீழே புகுந்து குட்டியை முதுகில் ஏந்தி மேலே தூக்கியது. வலையும் கூடவே வந்தது. விறைத்தது. நின்றுவிட்டது. அடியில் கல் விடவில்லை. குட்டியின் மூக்குக்கும் காற்றுக்கும் நடுவில் இன்னும் ஒரு சாண் இருந்தது.

ஒரே ஒரு சாண்!

"யாராவது வாங்களேன்! என் பிள்ளை! என் பிள்ளை!"

சத்தம் கேட்டு ஓங்கல் பாய்ந்து வந்தது. ஓங்கல் என்றால் கடலில் துள்ளித் துள்ளிப் போகுமே, டால்பின், அதுதான். படகுகளோடு பழகின விலங்கு.

"பயப்படாதீக மதினி!" என்றது ஓங்கல். "வலைன்னு ஒண்ணு இருந்தா, அந்த முனையில ஒரு மனுசன் இருப்பான். நான் போய் அவன் கண்ணு முன்னால துள்ளுறேன். ஆவுளியாக் குட்டியைப் பாத்தா அறுத்து விட்டுருவாக, அவுகளுக்கும் பிள்ளை குட்டி இருக்கும்ல!"

ஓங்கல் வலையைப் பிடித்துக்கொண்டே ஓடியது. இந்த முனைக்குப் போனது. அந்த முனைக்குப் போனது. திரும்பி வந்தபோது அதன் முகமே மாறியிருந்தது.

"மதினி... அங்க யாரும் இல்ல!"

"நல்லாப் பாருங்க!"

"பாத்துட்டேன். கயிறு பாதியில அறுபட்டுக் கெடக்கு. அதுக்கு அந்தப் பக்கம் வெறும் தண்ணி!"

"அப்ப இது யாருக்காகப் புடிக்குது?"

"யாருக்காகவும் இல்ல மதினி" என்றது ஓங்கல்.

சத்தம் கேட்டுக் கூடியிருந்த எல்லோருக்கும் அப்போதுதான் புரிந்தது. சுறா வந்தால் ஓர் ஆளைத் தின்னும், வயிறு நிறைந்தால் போய்விடும். மனுசன் வந்தால் படகு நிறைந்தால் கரைக்குத் திரும்பிவிடுவான். இதற்கோ வயிறே கிடையாது! எத்தனை செத்தாலும் இதற்குப் போதும் என்று சொல்லத் தெரியாது! அப்படி ஒன்று தங்கள் புல்லுக்கு நடுவில் பத்து நாளாய் நின்றுகொண்டிருக்கிறது!

அப்போது அம்மா ஆவுளியாவுக்குச் சட்டென்று நினைவு வந்தது.

"ஆள் இருக்கு!" என்று கத்தியது. "நண்டு! நண்டுச் சம்மாட்டி! உன் வலைதானே! விடச் சொல்லு!"

எல்லோரும் நண்டைப் பார்த்தார்கள். நண்டு ஒரு கல்லுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. வேறு வழியில்லாமல் வெளியே வந்தது. கொடுக்கைத் தூக்கியது.

"ஏ வலை! விடு!" என்றது.

வலை அசையவில்லை.

"சம்மாட்டி சொல்றேன், விடு!"

வலைக்குக் காதா இருக்கிறது?

குட்டியின் உதறல் மெதுவாகிக்கொண்டு வந்தது. அம்மா கீழே முட்டி முட்டித் தூக்கிக்கொண்டே, "சம்மாட்டி! சீக்கிரம்!" என்று கெஞ்சியது.

நண்டு ஓரடி பின்னால் போனது. இன்னும் ஓரடி போனது.

"அக்கா, தப்பா நெனைக்காதீக. இது... இது என் வலையே இல்ல."

"என்னது?"

"நான் சும்மா ரெண்டு வாய் திங்க வந்தவன். எனக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல!"

"சத்த நேரத்துக்கு முன்னால உன்னுதுன்னியே! உன் பேரைச் சொல்லி மேயச் சொன்னியே! பாவி, உன்னை நம்பித்தானே பிள்ளையை விட்டேன்!"

நண்டு தலையைத் திருப்பிக்கொண்டது.

இந்த நேரத்தில்தான் பேத்தை மேலேயிருந்து இறங்கி வந்தது. குட்டியைப் பார்த்தது. பயத்தில் குபுக்கென்று ஊதிவிட்டது. மறுபடி மேலே மிதந்து போனது.

"தங்கச்சி! போகாத!" என்று அம்மா அலறியது.

பேத்தை தண்ணீரைக் கக்கிக் கக்கி உடம்பைச் சுருக்கிக்கொண்டு மறுபடி இறங்கியது. குட்டியைப் பார்த்தால் பயம் வரும், பயம் வந்தால் ஊதிவிடும். அதனால் குட்டியின் முகத்தைப் பார்க்காமல், கண்ணைக் கீழே வைத்துக்கொண்டு, ஒரு கண்ணியைக் கவ்வியது.

கறுக்!

ஒரு கண்ணி அறுந்தது.

"ஒண்ணு!" என்றது ஓங்கல்.

கறுக்! கறுக்!

"மூணு! கடி தங்கச்சி, கடி!"

பேத்தையின் வாயில் ரத்தம் வந்தது. நரம்பு வலை பல்லிடுக்கில் அறுத்தது. அது நிறுத்தவில்லை. கழுத்தில் கிடந்தது விட்டது. கைத் துடுப்பில் கிடந்தது விட்டது. இன்னும் வால் இருந்தது. குட்டி உதறுவதை நிறுத்திவிட்டது. அதன் கண் பாதி மூடிவிட்டது.

அப்போது என்ன நடந்தது தெரியுமா? சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

வலை அறுபட அறுபட அதில் தொங்கிக்கொண்டிருந்த மீன்கள் ஒவ்வொன்றாய்க் கழன்று விழுந்து, தண்ணீரோடு போயின. நண்டு அதைப் பார்த்தது. ஒரு சூடை மீன் போனது. ஓர் ஓரா போனது. நாளைக்கென்று வைத்திருந்த பெரிய மீனும் போனது. நண்டுக்குத் தாங்கவில்லை.

"ஏய்! நிறுத்துடி! என் வலையைக் கடிக்காத!"

ஓங்கல் திகைத்துப் போய்விட்டது. "அட பாவி! பிள்ளை சாகக் கெடக்கு, இப்ப உன்னுதா?"

"என்னுதுதான்! என் வலை! என் மீனு!" என்று கத்திக்கொண்டே நண்டு பேத்தையின் மேல் பாய்ந்தது.

பேத்தை விலகியது. நண்டு நேரே வலையில் விழுந்தது. முதலில் ஒரு கால் மாட்டியது. அதை எடுக்க மறுகாலை வைத்தது. அதுவும் மாட்டியது. கொடுக்கால் அறுக்கப் பார்த்தது. கொடுக்கின் முள்ளில் நாலு சுற்று விழுந்துவிட்டது.

பேத்தை அதைப் பார்க்கவில்லை. வாலில் கிடந்த கடைசி நரம்பைக் கவ்வி, கண்ணை மூடிக்கொண்டு கடித்தது.

கறுக்!

அம்மா குட்டியை முதுகில் ஏந்திக்கொண்டு மேலே பாய்ந்தது. குட்டியின் மூக்கு வெளியே வந்தது.

மூச்சு வரவில்லை.

அம்மா கீழே இறக்கி, மறுபடி தூக்கியது. மூச்சு வரவில்லை. ஓங்கலும் பக்கத்தில் வந்து தோள் கொடுத்தது. மூன்றாம் தரம் தூக்கினார்கள்.

"புஸ்ஸ்!"

குட்டியின் மூக்கிலிருந்து தண்ணீர் சிதறியது. ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. அப்புறம் சின்னக் குரலில், "அம்மா, நான் ரொம்ப நேரம் உன்னைக் கூப்பிட்டேன்" என்றது.

அம்மா பிள்ளையை முதுகிலிருந்து இறக்கவே இல்லை.

கீழே ஒரு சத்தம் கேட்டது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

இத்தனை இழுத்ததில் வலை கல்லிலிருந்து கழன்றுவிட்டது. நீரோட்டம் அதைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. வலை விரிந்தது. ஒரு பெரிய வெறும் கை மாதிரி விரிந்து, வடக்கே போனது. அதன் நடுவில் நண்டு தலைகீழாய்த் தொங்கியது.

"அறுத்து விடுங்க! பேத்தை! தங்கச்சி! என்னை அறுத்து விடு!"

பேத்தை பின்னாலேயே நீந்தியது. வாய் முழுக்க ரத்தத்தோடு எட்டி எட்டிப் பார்த்தது. நீரோட்டத்துக்கு அதன் குட்டைத் துடுப்பு ஈடு கொடுக்கவில்லை.

தூரத்திலிருந்து நண்டு கத்துவது மட்டும் கேட்டது.

"என் வலை இல்ல! இது என் வலை இல்ல! யாரு வலையோ! என் வலை இல்ல!"

யார் வலை என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. மிதப்பையும் கயிற்றையும் பத்திரமாய் எடுத்துப் போன அந்த இரண்டு பேரும் அந்நேரம் கரையில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வலையை அவர்கள் என்றைக்கோ மறந்துவிட்டார்கள்.

"வடக்க என்ன இருக்கு?" என்று பேத்தை மெதுவாய்க் கேட்டது.

ஓங்கலுக்கு அப்போதுதான் உறைத்தது.

"புல்லு! அங்கயும் ஒரு புல்வெளி! நேத்துத்தான் பாத்தேன், நாலு ஆவுளியா மேயுது! ஒண்ணு நேத்துத்தான் குட்டி போட்டுருக்கு!"

"போங்க! ஓடுங்க! போய்ச் சொல்லுங்க!" என்று அம்மா அலறியது. "சத்தம் இருக்கான்னு கேக்க வேணாம்னு சொல்லுங்க! நிழலைப் பாக்க வேணாம்னு சொல்லுங்க! எதுவுமே இல்லாம வருதுன்னு சொல்லுங்க!"

ஓங்கல் பாய்ந்தது. வலை முன்னால் போகிறது. ஓங்கல் பின்னால் போகிறது. அதற்கு மேல் இவர்கள் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

ஆகையால் பிள்ளைகளே, ஒரு பொருளை என்னுடையது என்று சொல்லி அதன் பலனை அனுபவித்தவர்கள், அது வேண்டாம் என்று ஆன பிறகும், அதை ஒழுங்காய் முடித்து வைக்கிறவரைக்கும் அதற்குச் சொந்தக்காரர்கள்தான், நாளைக்கே உங்கள் வீட்டில் யாராவது கிழிந்த வலைதானே, கடலிலேயே கிடக்கட்டும் என்று சொன்னால், நீங்கள் சின்னப் பிள்ளைகள் என்று பயப்படாமல் போய் அவர்கள் கையைப் பிடித்து, "அப்பா, இது நம்ம வலை, நம்மளே முங்கி எடுத்து..." இந்தா வந்துட்டேன் மாமி, பிள்ளை முழிச்சிட்டானா, கையைக் கழுவிட்டு வாரேன்.